உயர்தர வகுப்பின் படுதா

மாலைக் கல்லூரிக்கு என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே, ஏற்புரையை நான் குளியலறையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குளியலறைகள் ஒரே வரிசையாக இருக்கும். நடுச்சுவர் கூரை வரை போகாது. இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் தொண்டையைச் செருமுவதைக் கேட்டுக்கொண்டேதான் இத்தனை வருஷமும் நான் குளித்திருக்கிறேன். ஆனாலும், 'பெரியோர்களே, இந்தப் பதவியை நான் நாடிப் போகவில்லை' என்று வாளியைப் பார்த்துச் சொல்லும்போது, அது யார் காதிலாவது விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தேர்தலன்று காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது:

"கிராணியாரே, நேத்து 'அடியேன்'னு ஆரம்பிச்சீங்களே, அது நல்லா இருந்துச்சு. அதையே வச்சுக்குங்க."

அதையே வைத்துக்கொண்டேன். நல்ல கைதட்டல்.

என்னை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் நான் தப்பாகத்தான் புரிந்துகொண்டிருந்தேன். என் வீட்டில் இரண்டு அலமாரிப் புத்தகங்கள் உண்டு. ரயில்வே ஆபீசில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா; துரைமார் கடிதத்தில் வாக்கியம் சிக்கிக்கொண்டால் என்னிடம்தான் அனுப்புவார்கள். ஆகவே, படிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். உண்மை என்னவென்றால் கமிட்டியில் இரண்டு கட்சி இருந்தது. ஸ்டேஷன் ஆட்கள் ஒரு பக்கம், பட்டறை ஆட்கள் ஒரு பக்கம். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் மற்றப் பக்கம் விலகிவிடும் என்ற நிலையில், இரண்டு பக்கமும் பொருட்படுத்தாத ஓர் ஆள் தேவைப்பட்டார். காரியதரிசி பிற்பாடு இதை மிகுந்த மரியாதையோடு எனக்கு விளக்கினார்: "உங்களால ஒருத்தருக்கும் ஒரு தொந்தரவும் வராதுன்னு எல்லாருக்கும் நம்பிக்கை சார்."

கல்லூரி என்றதும் தூண்களையும் மணிக்கூண்டையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கீழே டோபிக் கடை; மேலே பலகைத் தரை போட்ட ஒரு நீள அறை. அதுதான் கல்லூரி. சாயங்காலம் கீழே இஸ்திரிப் பெட்டிகள் சூடேறினால் மேலே மாணவர்களின் பாதமும் சூடேறும். மாணவர்கள் எல்லோரும் மீசை வைத்தவர்கள். பேரன் எடுத்தவர்களும் இருந்தார்கள். தண்டவாளம் போடும் கேங்கு ஆட்கள், எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவர்கள், பட்டறைக் கூலிகள். வேலை முடிந்து குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு, சிலேட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி படியேறி வருவார்கள். அந்தக் காட்சியைப் பார்த்தால் யாருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

முதல் கூட்டத்திலேயே சாக்குக்கட்டி வாங்குவது பற்றிப் பேச்செடுத்தேன். ஸ்டேஷன் கட்சியினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள்: அதற்கு முன் தலைவருக்குக் கைப்பிடி உள்ள நாற்காலி வேண்டும். பட்டறைக் கட்சியினர், தலைவருக்குக் கைப்பிடி என்றால் உபதலைவருக்கும் கைப்பிடி என்றார்கள். உபதலைவர் பட்டறைக்காரர். மூன்று கூட்டங்கள் கைப்பிடியிலேயே கழிந்தன. அதுவரை வாத்தியார் தம் சொந்தச் செலவில் சாக்குக்கட்டி கொண்டுவந்தார். அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் பகலில் பாடம் நடத்திவிட்டு மாலையில் சைக்கிளில் இங்கே வருகிற மெதடிஸ்ட்காரர். ஒல்லியான மனிதர். கோபப்பட நேரமில்லாதவர்.

கல்லூரியில் மூன்று வகுப்புகள். முதல் வகுப்பில் ஆங்கில எழுத்துகள், இரண்டாவதில் வாசிப்பு, மூன்றாவதில் கடிதம் எழுதுதல். இரண்டாவதையும் மூன்றாவதையும் கமிட்டிக்காரர்கள் இருவர் நடத்தினார்கள். பொறுப்பேற்ற வாரத்தில் மூன்றாம் வகுப்பைப் பார்வையிடப் போனேன். கரி அள்ளுகிறவர்களில் மூத்தவர் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்து, ஆங்கிலப் புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு மிகவும் சிரத்தையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வகுப்பிலோ, கேங்குக் கூலி ஒருவன் வாத்தியாரின் ஆங்கிலப் பத்திரிகையை எடுத்துச் சரளமாக வாசித்துக்கொண்டிருந்தான்.

"என்ன வாத்தியாரே இது? ஆள் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள்?"

"மாறலை சார். மூத்தவர் எஞ்சின் ஆள், மூணாவது வகுப்பு. இவன் கூலி, ஒண்ணாவது. வேலையில எப்படியோ இங்கயும் அப்படித்தான் உக்காருவாங்க. நான் ஒரு தடவ மாத்திப் பாத்தேன். மூத்தவர் ஒரு மாசம் வரலை. இவனும் வரலை, பயந்துக்கிட்டு."

இதற்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "கட்டுங்க சார்" என்று சைக்கிள் விளக்கை ஏற்றப் போய்விட்டார்.

அப்போது ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். ரயில்வேயிலும் எல்லோரும் தத்தம் இடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேங்கு மண்டோர் என் வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கேங்கை வேலை வாங்கும் மேஸ்திரி; கேங்குக்கு அவர்தான் ராஜா. குரலை எழுப்பினால் கூட்ஸ் வண்டியே நிற்கும் என்பார்கள். கல்லூரிக் கமிட்டியிலும் அவர் ஓர் உறுப்பினர். அவர் பின்வாசலில் வந்து, குரலே எழுப்பாமல் நின்றதைப் பார்த்ததும் என் மனைவி, யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்தாள்.

"புது துரை வந்திருக்காரு, தெரியுமா கிராணியாரே? இனிமே வேலை உத்தரவெல்லாம் காயிதத்துலதான் வருமாம். இங்கிலீசுல. மண்டோருங்க வாசிச்சுப் புரிஞ்சுக்கணுமாம். வருசக் கடைசில தண்டவாள லைன்ல நிக்க வச்சு வாசிக்கச் சொல்லுவாரு."

"வாசிக்காவிட்டால்?"

"வாசிக்கிறவன் மண்டோரு. நான் கடப்பாரை பிடிக்கணும். அதே கேங்குல." வாழைப்பழத்தை மேஜைமேல் வைத்தார். "அவனுங்கள நான் என்னென்ன ஏசியிருக்கேன்னு எனக்குத்தான தெரியும்."

"அதற்கென்ன, நாளைக்கே வகுப்பில் சேருங்கள்."

"எந்த வகுப்புல? ஒண்ணாவதுல எங் கேங்கு உக்காந்திருக்கு. அவனுங்க நடுவுல உக்காந்து ஏ, பீ, சீ சொல்லவா? அடுத்த நாள் தண்டவாளத்தத் தூக்குங்கடான்னா எவன் தூக்குவான்?"

"மூன்றாவதில்…"

"மூணாவதுல உக்காந்தா மானம் இருக்கும். எழுத்து வராதே லா."

இந்த இடத்தில் கொஞ்சம் மூளையுள்ள மனிதன் என்ன செய்திருப்பான்? 'தினமும் இதே பின்வாசல் வழியாக வாருங்கள், நானே சொல்லித் தருகிறேன்' என்றிருப்பான். காதும் காதும் வைத்தாற்போல் விஷயம் முடிந்திருக்கும். எனக்கும் அது தோன்றத்தான் செய்தது. ஆனால் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் அது வெறும் உபகாரம். கல்லூரியில் வைத்துச் செய்தால் நிர்வாகம். நான் தலைவராகி ஆறு மாதத்தில் நிர்வாகம் என்று சொல்லிக்கொள்ள இரண்டு கைப்பிடி நாற்காலிகளைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆகவே திட்டம் போட்டேன்.

'உயர்தர வகுப்பு' என்று நாலாவதாக ஒன்றைத் தொடங்கினேன். அறையின் கடைசியில், படிக்கட்டுப் பக்கம், கூட்ஸ் வண்டி மூடும் பழைய தார்ப்பாய் ஒன்றைப் படுதாவாகக் கட்டித் தொங்கவிட்டேன். அதற்குப் பின்னால் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. மாணவர் ஒருவரே: மண்டோர். முதல் வகுப்புக்குச் சிலேட்டில் எழுதுகிற வேலையைக் கொடுத்துவிட்டு வாத்தியார் இங்கே வந்து, வெளியில் கேட்காதபடி ஏ, பீ, சீ சொல்லித்தருவார். வெளியே இருப்பவர்களுக்கு, மண்டோர் நாலாவது வகுப்பில், அதாவது எல்லோருக்கும் மேலே. உள்ளே அவர் எழுத்துகளில், அதாவது எல்லோருக்கும் கீழே. மானமும் தங்கியது, படிப்பும் நடந்தது. இதைக் கண்டுபிடித்த அன்று நான் குளியலறையில் பாடினேன்.

சில வாரங்கள் திட்டம் ரொம்ப ஒழுங்காக ஓடியது. நான் தினமும் ஆபீஸ் கோட்டோடு வந்து படுதாவுக்கு வெளியே காவலுக்கு நிற்பேன். உள்ளே கிசுகிசுவென்று வாத்தியார் சொல்லுவார், கிசுகிசுவென்று மண்டோர் திருப்பிச் சொல்லுவார். அந்தக் குரலைக் கிசுகிசுப்பாகக் குறைப்பது அவருக்கு எழுத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. சிலசமயம் 'கே' என்று இரைந்துவிட்டு உடனே இருமுவார்.

நான் கணக்குப் போடாமல் விட்டது அந்தக் கிசுகிசுப்பைத்தான். நம் ஆட்களுக்குப் படிப்பு என்றால் சத்தம். பத்துப் பேர் சேர்ந்து கத்தாத பாடம் அவர்களுக்குப் பாடமாகவே தெரியாது. படுதாவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒன்று நடக்கிறது, தலைவரே வாசலில் காவல் நிற்கிறார் என்றால், அது என்னவாக இருக்கும்? கோப்பிக் கடையில் விடை கிடைத்துவிட்டது: கேங்கு ஆட்களில் சிலரைக் கிராணியாக எடுக்கப் போகிறார்கள், பரீட்சைக் கேள்விகள் தலைவர் கைக்கு வந்துவிட்டன, மண்டோருக்கு மட்டும் சொல்லித்தருகிறார்.

கமிட்டி கூடியது. என் தலைமையில் ஸ்டேஷன் கட்சியும் பட்டறைக் கட்சியும் ஒரே குரலில் பேசியது அன்றுதான் முதல் தடவை.

"உயர்தர வகுப்பு ஒருத்தருக்கு மட்டும் ஏன் சார்?" என்றார் காரியதரிசி. "மத்தவங்க சந்தா குடுக்கலையா?"

"அது… கொஞ்சம் கடினமான பாடம்."

"மண்டோருக்கு வர்ற பாடம் பட்டறை ஆளுக்கு வராதா?" என்றார் உபதலைவர்.

"என்ன பாடம்னு சொல்லுங்களேன்" என்றது பின்வரிசை.

மண்டோர் மூலையில் உட்கார்ந்து, தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பாடம் என்று சொன்னால் அவர் நாளைக் காலை லைனில் நிற்க முடியாது. சொல்லாவிட்டால் நான் கேள்வித்தாள் திருடியவன். தலைவருக்குரிய கம்பீரத்துடன், "இது ரகசியமானதல்ல, ஆனால் வெளியிடக்கூடியதும் அல்ல" என்றேன். இதைவிட மோசமாக ஒரு மனிதன் பேசியிருக்க முடியாது. உயர்தர வகுப்பு எல்லோருக்கும் திறந்துவிடப்பட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து ஓட்டுப் போட்டது நான் மட்டும். மண்டோர்கூடக் கையைத் தூக்கினார், பாவம், தூக்காமல் என்ன செய்வார்?

அடுத்த திங்கட்கிழமை முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் காலி. அத்தனை பேரும் படுதாவுக்குப் பின்னால். நெருக்கியடித்துப் பலகைத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். என்ன சொல்லித்தருவது என்று வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இத்தனை தரப்பட்டவர்களுக்கும் பொதுவாக எதைத் தொடங்க முடியும்? ஏ என்று கரும்பலகையில் எழுதினார். இதுதானா ரகசியம் என்று யாரும் கேட்கவில்லை. உயர்தரமான ஏ போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மண்டோர் படியேறி வந்து படுதாவை விலக்கினார். உள்ளே அவருடைய கேங்கு முழுவதும் எழுந்து நின்றது.

"வாங்க மண்டோரய்யா!"

"நீங்க மட்டும் தனியாப் படிச்சிட்டுக் கிராணியாப் போயிடலாம்னு பாத்தீங்களா? நாங்களும் வரோம் லா!" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

மண்டோரின் முகம் இருந்த நிலையில், அவர் அப்படியே இறங்கிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போயிருந்தால் திரும்பி வந்திருக்கமாட்டார். ஆனால் ஏச்சுக்குப் பழகிய வாய் அவரைக் காப்பாற்றியது.

"எவன்டா படிச்சான்? நான் படிக்க வந்தேன்னு எவன் சொன்னான்? நான் கமிட்டி மெம்பருடா! பாடம் ஒழுங்கா நடக்குதான்னு பாக்க வந்தவன். கிராணியாரே, சொல்லுங்க இவனுங்களுக்கு!"

"மேற்பார்வை" என்றேன் நான். "மண்டோர் நம் கல்லூரியின் மேற்பார்வையாளர்." என் தலைமைக் காலத்தில் தீர்மானம் இல்லாமல், திருத்தம் இல்லாமல், நான் உடனுக்குடன் செய்த ஒரே நியமனம் அது. உபதலைவரின் கைப்பிடி நாற்காலியை இழுத்துப்போட்டு அதில் அவரை உட்காரவைத்தேன்.

மறுநாள் அவரைத் தனியாகப் பிடித்து, பின்வாசல் வழியாக வீட்டுக்கு வரச் சொன்னேன். இந்தத் தடவை நிர்வாகத்தையெல்லாம் மறந்துவிட்டுத்தான் கேட்டேன். அவர் கேட்கவில்லை. "இப்ப எல்லாம் எம்மேல கண்ணு வச்சிருக்கானுங்க. ஒங்க வீட்டுப் பக்கம் வந்தேன்னா முடிஞ்சுது" என்று போய்விட்டார். வருஷக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆபீசில் துரையின் கடிதம் ஒன்றில் எழுவாயைத் தொலைத்துவிட்டு, இரண்டு தடவை திட்டு வாங்கினேன்.

மண்டோரோ நாற்காலியில் உட்காரவே இல்லை. ஒரு பிரம்பு கொண்டுவந்தார். கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எழுத்தின்மேல் பிரம்பை வைத்து, ஒருவனை எழுப்புவார்.

"சொல்லுடா, என்ன இது?"

அவன் விழிப்பான். மண்டோர் வாத்தியாரைப் பார்ப்பார். வாத்தியார் பதிலைச் சொல்லுவார்.

"கேட்டியா? எம்! எம்முகூடத் தெரியாம எதுக்குடா சோறு திங்கிற? அகேன்! சத்தமா!"

'அகேன்' என்பது வாத்தியாரிடமிருந்து பிடித்துக்கொண்டது. ஒருவன் சரியாகச் சொன்னால் அடுத்தவன், அவன் சொன்னால் அதற்கடுத்தவன். ஒவ்வொரு எழுத்தையும் கேங்கில் ஒவ்வொருவரும் சொல்ல, ஒவ்வொரு தடவையும் அவர் கேட்டு, ஏசி, தானும் ஒரு தடவை இரைந்து சொன்னார். எழுத்து முடிந்து சொற்கள் வந்தன. 'ரெயில்', 'சிலிப்பர்', 'பிரிட்ஜ்' என்று அவருக்குத் தேவையானவற்றையே வாத்தியார் எழுதினார். அந்த யோசனை என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் என்னுடையது அல்ல. டோபிக் கடைக்காரர், மேலே யாரையோ அடிக்கிறார்கள் என்று ஒருநாள் ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனார். நான் படுதாவுக்கு வெளியே நின்று, எல்லாம் போயிற்று, இந்த மனிதர் மேற்பார்வை பண்ணியே வேலையை இழக்கப் போகிறார் என்று புழுங்கிக்கொண்டிருந்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்பது எனக்குத்தான் கடைசிவரை பிடிபடவில்லை.

வருஷக் கடைசியில் துரை லைனுக்கு வந்தார். நடந்ததைக் கேங்கு ஆட்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காகிதத்தை நீட்டியிருக்கிறார். மண்டோர் அதை வாங்கி, பிரம்பால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு, பாலத்துக்குப் பக்கத்தில் சிலிப்பர் கட்டைகளுக்கு அடியில் ஜல்லியைக் கெட்டிக்க வேண்டும் என்ற உத்தரவை, அடுத்த ஸ்டேஷனுக்கே கேட்கும்படி வாசித்திருக்கிறார். முடித்த வேகத்தில், பழக்கதோஷத்தால் காகிதத்தைத் துரையிடமே நீட்டி, "அகேன்! சத்தமா!" என்று அதட்டிவிட்டாராம். துரை சிரித்துவிட்டு, தாமும் ஒரு தடவை வாசித்தாராம்.

மண்டோர் வேலை நிலைத்தது. எனக்கு அன்று உண்மையிலேயே சந்தோஷம். சந்தோஷம் அடங்கியதும், இதில் என் பங்கு என்ன என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினேன், அதுதான் தப்பு. நான் கட்டிய திட்டம் உடைந்திராவிட்டால் அவர் இன்னும் 'கே'யில் இருமிக்கொண்டிருந்திருப்பார். அதை உடைத்த கமிட்டியோ என்னை எதிர்த்து ஓட்டுப் போட்டது.

ஆண்டுவிழாவுக்குக் கிள்ளானிலிருந்து மேளக்காரர்கள் வந்தார்கள். மேற்பார்வையாளர் ஒருவரால்தான் கல்லூரி இந்த நிலைக்கு உயர்ந்தது என்று காரியதரிசி அறிக்கை வாசித்தார். புதிய தலைவராக மண்டோரை இரண்டு கட்சிகளும் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தன. அவரால் எல்லோருக்கும் தொந்தரவு வரும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, அப்படியும் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஏற்புரையில் 'அடியேன்' எல்லாம் இல்லை. "நாளைக்கு எவனெவன் வரலைன்னு நான் பாக்குறேன்" என்றார். என் உரைக்குக் கிடைத்ததைவிட இரண்டு மடங்கு கைதட்டல். பின்வாசல் விஷயத்தை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

விழா முடிந்து, மாலையும் வெற்றிலையுமாகக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது, நான் படிக்கட்டருகில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கிள்ளானிலிருந்து சில மாதங்களுக்கு முன் மாற்றலாகி, நேரே உயர்தர வகுப்பில் வந்து சேர்ந்த கேங்கு ஆள் ஒருவன் பக்கத்தில் வந்தான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மிகவும் பரிவாக, தணிந்த குரலில் சொன்னான்:

"அண்ணே, நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கோட்டெல்லாம் போட்டுக்கிட்டுத் தெனமும் வரீங்க, படுதா ஓரத்துலயே நின்னுட்டுத் திரும்பிப் போயிடுறீங்க. வெக்கப்படாம உள்ள வந்து உக்காந்திருந்தீங்கன்னா, இந்நேரம் நீங்களும் நாலு எழுத்து படிச்சிருக்கலாம் லா."